எல்லைக்கு இருபுறமும் கடை, ஒரே கணக்கு: சிறு நிறுவனம் தரவுப் பகுப்பாய்வைத் தொடங்கும் முறை

போடிநாயக்கனூரில் கிடங்கு, குமுளியில் கடை, வண்டன்மேட்டுப் பக்கம் சொந்தமாகவோ குத்தகைக்கோ ஓர் ஏலக்காய்த் தோட்டம் என்று மாநில எல்லையின் இருபுறமும் தொழில் நடத்தும் குடும்பங்கள் தேனி மாவட்டத்தில் நிறைய உண்டு. செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையில், பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் இடையில், திருத்தணிக்கும் நகரிக்கும் இடையில் சரக்கு ஏற்றி இறக்குபவர்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. இந்த நிறுவனங்களிடம் தரவுக்குப் பஞ்சமில்லை. டேலி என்ற கணக்கு மென்பொருளில் பல ஆண்டு வவுச்சர்கள், சரக்கு அனுப்புவதற்கான மின்னணுச் சீட்டாகிய ஈ-வே பில்லின் பட்டியல், ஏலச் சிட்டைகள், ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் கூடத்தில் காய் உலர்த்தியதற்கான நோட்டு என எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவை ஒன்றோடொன்று பேசுவதில்லை. சென்ற பருவத்தில் எந்தத் தரத்தில் எவ்வளவு லாபம் நின்றது என்று முதலாளி கேட்டால், கணக்கர் இரண்டு நாள் உட்கார்ந்து கூட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வணிக நுண்ணறிவு என்று பெரிய பெயரில் சொல்லப்படுவது, அந்த இரண்டு நாள் வேலையை ஒருமுறை ஒழுங்காகச் செய்து வைத்துவிட்டு, பிறகு தினமும் தானாக நடக்கும்படி அமைப்பதுதான். பத்து முதல் ஐம்பது பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனம், தனியாக மென்பொருள் ஆள் வைக்காமல் அதை எப்படி அமைத்துக்கொள்ளலாம் என்பதை இங்கே பார்க்கலாம். ஏலக்காய் வியாபாரத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். தேங்காய்க்கும் காய்கறிக்கும் துணிக்கும் முறை மாறாது.

முதலில் எழுத வேண்டியது கேள்வி

எந்த மென்பொருள் வாங்கலாம் என்பதிலிருந்து தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஆண்டுச் சந்தா கட்டியதோடு நின்றுவிடுகிறார்கள். அதற்கு முன்னால், ஒரு தாளை எடுத்து, இந்த நிறுவனத்தில் வாரந்தோறும் யார் என்ன முடிவெடுக்கிறார்கள் என்று எழுதுங்கள். இன்று வந்த காயை ஏலத்துக்கு அனுப்புவதா, அடுத்த வாரம் வரை இருப்பு வைப்பதா. எந்த வாடிக்கையாளருக்குக் கடனை நிறுத்துவது. சொந்தத் தோட்டத்துக் காயில் அதிகம் நிற்கிறதா, வெளியில் வாங்கி விற்கும் காயில் அதிகம் நிற்கிறதா. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், முடிவெடுப்பவர் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கிறார், பதிலுக்கான எண் இப்போது எந்தக் கணக்கில் கிடக்கிறது என்று குறியுங்கள். எந்த முடிவோடும் சேராத கேள்வியை, அது எவ்வளவு சுவையாக இருந்தாலும், இப்போதைக்கு அடித்துவிடுங்கள். நான்கைந்து கேள்விகள் மிஞ்சினால் போதும்.

தரவை ஓரிடத்தில் சேர்த்தல்

டேலியிலிருந்து விற்பனைப் பதிவேட்டையும் கொள்முதல் பதிவேட்டையும் எக்செல் கோப்பாக எடுக்கலாம். சரக்கு வாரியான விவரமும் ஜிஎஸ்டி எண்ணும் சேர்ந்து வரும்படி எடுப்பது முக்கியம், ஏனெனில் மொத்தத் தொகை மட்டும் உள்ள கோப்பு பிற்பாடு எதற்கும் உதவாது. ஜிஎஸ்டி தளத்தில் ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பி கோப்பு, நமக்கு விற்றவர்கள் நம் பெயரில் காட்டிய பில்களைத் தருகிறது. நம் கொள்முதல் பதிவேட்டைச் சரிபார்க்க இதைவிட நல்ல சாட்சி இல்லை. நறுமணப் பொருள் வாரியம் வெளியிடும் அன்றாட ஏலக்காய் ஏல விவரத்தில், ஏலம் நடத்தியவர், லாட்டுகளின் (ஏலத்துக்கு வரும் தனித்தனிக் குவியல்களின்) எண்ணிக்கை, வந்த அளவு, விற்ற அளவு, உச்ச விலை, சராசரி விலை ஆகியவை இருக்கும். இவற்றோடு ஸ்டோர் நோட்டையும் சேர்க்க வேண்டும். அதை மட்டும் யாராவது கையால் ஏற்றியாக வேண்டும். தேதி, தோட்டம், பச்சைக் காய் கிலோ, உலர்ந்த காய் கிலோ என நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு கூகுள் படிவத்தை ஸ்டோரில் இருப்பவரின் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தால் அந்த வேலையும் முடிந்துவிடும்.

கோப்புகளை மாதவாரியாக ஒரே ஃபோல்டரில், ஒரே பெயர் முறையில், ஒரே தலைப்பு வரிசையில் சேமியுங்கள். எக்செல்லுக்குள்ளேயே இருக்கும் பவர் குவெரி, ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லாக் கோப்புகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கித் தரும். அடுத்த மாதக் கோப்பை அதே இடத்தில் போட்டு ‘ரிஃப்ரெஷ்’ அழுத்தினால் போதும். வெட்டி ஒட்டும் பழக்கத்தை இந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

இரண்டு ஜிஎஸ்டி எண்கள், ஒரே நிறுவனம்

எல்லைப்புறத் தொழிலின் கணக்கு தப்பாகும் இடம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ஆகவே சற்று நிதானமாகப் பார்ப்போம். ஜிஎஸ்டி சட்டப்படி, ஒரே பான் எண் கொண்ட நிறுவனமாக இருந்தாலும், வெவ்வேறு மாநிலங்களில் பதிவு செய்திருந்தால் அவை வெவ்வேறு நபர்களாகவே கருதப்படும். ஆகையால் குமுளிக் கடையிலிருந்து போடிக் கிடங்குக்குச் சரக்கு வந்தால், அது சொந்த இடத்துக்குச் சொந்தச் சரக்கு வருவதாக இருந்தாலும், மாநிலங்களுக்கு இடையிலான வரியாகிய ஐஜிஎஸ்டி போட்டுப் பில் அடித்தே அனுப்ப வேண்டும். கேரளக் கணக்கில் அது விற்பனை. தமிழ்நாட்டுக் கணக்கில் அது கொள்முதல். வரிக்கணக்கு அளவில் இரண்டும் சரி.

பகுப்பாய்வுக்கு வரும்போதுதான் சிக்கல். குமுளிக் கடை 1,000 கிலோ காயைக் கிலோ 2,200 ரூபாய்க்கு வாங்கி, 2,400 ரூபாய் என்று பில் போட்டுப் போடிக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். போடிக் கிடங்கு அதையே 2,600 ரூபாய்க்கு வெளியாருக்கு விற்கிறது. இரண்டு டேலிக் கணக்கையும் அப்படியே கூட்டினால் விற்பனை 50 லட்சம் என்று வரும். உண்மையில் வெளியாரிடமிருந்து நமக்கு வரவேண்டியது வரி நீங்கலாக 26 லட்சம் மட்டுமே. டேலியில் குழு நிறுவனமாகச் சேர்த்துப் பார்த்தாலும் அது கூட்டித்தான் காட்டும். உள்ளுக்குள் நடந்த பரிமாற்றத்தைத் தானாக நீக்கித் தராது. மாத முடிவில் போடிக் கிடங்கில் அந்தச் சரக்கு விற்காமல் கிடந்தால் இன்னொரு தவறும் சேரும்: குமுளிக் கணக்கு கிலோவுக்கு 200 ரூபாய் லாபம் காட்டிக்கொண்டிருக்கும், ஆனால் வெளியார் ஒருவர்கூட ஒரு ரூபாய் தந்திருக்க மாட்டார்கள். வங்கியில் கடன் கேட்கப் போகும்போது இத்தகைய லாபத்தை நம்பிப் பேசக் கூடாது.

இதைப் பிரிக்கும் வழி பதிவு எண்ணிலேயே இருக்கிறது. ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள். முதல் இரண்டும் மாநிலக் குறியீடு: கேரளம் 32, தமிழ்நாடு 33, ஆந்திரப் பிரதேசம் 37. மூன்றாம் எழுத்திலிருந்து பன்னிரண்டாம் எழுத்து வரை உள்ள பத்தும் பான் எண். எக்செல்லில் ‘மிட்’ சார்பைக் கொண்டு, மூன்றாம் இடத்திலிருந்து பத்து எழுத்துகளை வெட்டித் தனிக் கட்டத்தில் வையுங்கள். அந்தக் கட்டம் நம் பான் எண்ணோடு பொருந்தினால் ‘உள்’ என்றும், பொருந்தாவிட்டால் ‘வெளி’ என்றும் அடுத்த கட்டத்தில் எழுதச் செய்யுங்கள். விற்பனை, லாபம் பற்றிய எல்லா அறிக்கையிலும் ‘வெளி’ வரிகள் (அட்டவணை வரிசைகள்) மட்டுமே சேர வேண்டும். ‘உள்’ வரிகளை அழித்துவிட வேண்டாம். இரு கடைகளுக்கும் இடையே சரக்கு எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பார்க்க அவை தேவைப்படும். இருப்பை மதிப்பிடும்போது முதலில் வெளியாரிடம் வாங்கிய விலையையே, அதாவது மேற்சொன்ன உதாரணத்தில் 2,200 ரூபாயையே, எடுக்க வேண்டும்.

மாநிலக் குறியீட்டை வைத்து ‘எந்த ஊருக்கு எவ்வளவு போகிறது’ என்று கணக்கிடுவதில் மட்டும் கவனம் வேண்டும். பில் கொச்சி வியாபாரியின் பெயரில் இருக்கும், சரக்கு வேறெங்கோ இறங்கும். போக்குவரத்தைப் பற்றிய கேள்விக்கு ஈ-வே பில்லில் உள்ள சேருமிடத்து அஞ்சல் குறியீட்டையே நம்புங்கள். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் ஈ-வே பில் கட்டாயம் என்பதால், பெரும்பாலான லோடுகள் அதில் இருக்கும். கைப்பையில் எடுத்துப் போகும் சில்லறை மட்டும் விட்டுப்போகும்.

பெயர், தேதி, எடை

தரவைச் சுத்தம் செய்வதைத் துணிச்சலுடன் அலுப்பான வேலை என்றே சொல்லிவிடலாம், ஆனால் இதைத் தவிர்த்து எழுப்பிய எந்த டாஷ்போர்டும் (முக்கிய எண்களை ஒரே திரையில் காட்டும் பலகையும்) மூன்று மாதம் தாண்டியதில்லை. ஒரே வாடிக்கையாளர் குமுளிக் கணக்கில் வீட்டுப் பெயரோடும், போடிக் கணக்கில் தந்தை பெயரின் முதலெழுத்தோடும், ஏலச் சிட்டையில் கடைப் பெயரோடும் இருப்பார். மலையாளத்தில் எழுதப்பட்ட பெயரை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் ஆங்கிலத்தில் தட்டியிருப்பார்கள். பெயரைத் திருத்திக்கொண்டே இருப்பதில் பயனில்லை. ஒவ்வொரு தரப்புக்கும் ஓர் எண் கொடுத்து, எந்தெந்த எழுத்துமுறை எந்த எண்ணைச் சேரும் என்று ஒரு தனித் தாளில் எழுதி வையுங்கள். பதிவு செய்தவர்களுக்கு ஜிஎஸ்டி எண்ணே போதும், பதிவு இல்லாத தோட்டக்காரர்களுக்கு மட்டும் நம் சொந்த எண். பழைய கணக்குகள் பாமினி போன்ற எழுத்துருவில் தட்டப்பட்டிருந்தால், முதலில் அவற்றை யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். இல்லையேல் தமிழ்ப் பெயர்கள் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், தேடவும் முடியாது.

தேதியில் உள்ள ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், 03/08 என்ற ஆகஸ்ட் மூன்றாம் தேதியை எக்செல் மார்ச் எட்டாம் தேதியாக எடுத்துக்கொள்ளும். 25/08 வந்தால் அப்படி ஒரு மாதம் இல்லாததால் அதை எழுத்தாகவே விட்டுவிடும். ஒரே கட்டத்தில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நின்றால், இதுதான் நடந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

எடையில், பச்சைக் காயும் உலர்ந்த காயும் ஒரே ‘கிலோ’ என்ற கட்டத்துக்குள் கலந்துவிடக் கூடாது. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்து ஒரு கிலோவாகிறது. இந்த விகிதம் பறிப்புக்குப் பறிப்பு, தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். இளங்காயைப் பறித்தால் கிடைக்கும் உலர்ந்த காய் குறையும். ஆகவே ஒவ்வொரு வரியிலும் பச்சையா உலர்ந்ததா என்ற குறிப்பும், உலர்ந்ததற்கு எம்எம் தரமும் (மில்லிமீட்டரில் காயின் பருமன்), லிட்டர் எடையும் (ஒரு லிட்டர் அளவுக் காயின் எடை) இருக்கட்டும். இந்த மூன்று குறிப்பும் ஒரு பருவம் முழுக்கச் சேர்ந்தால், எந்தத் தோட்டத்தில் ஆட்கள் முற்றாத காயைப் பறித்துவிட்டார்கள் என்பது உலர் விகிதத்திலிருந்தே தெரிந்துவிடும்.

அட்டவணைகளை அடுக்கும் விதம்

1990களில் தரவுக் கிடங்கு வல்லுநர் ரால்ஃப் கிம்பல் பரவலாக்கிய விண்மீன் வடிவ அமைப்பு, இவ்வளவு சிறிய தொழிலுக்கும் அப்படியே பொருந்துகிறது. நடுவில் நிகழ்வு அட்டவணை; அதில் ஒவ்வொரு வரியும் ஒரு பில்லில் உள்ள ஒரு சரக்கு: தேதி, தரப்பு எண், சரக்கு எண், கிளை, கிலோ, வரிக்கு முந்தைய தொகை. சுற்றிலும் தரப்புகள், சரக்குகள், கிளைகள், நாட்கள் ஆகியவற்றுக்கான விவர அட்டவணைகள். விற்பனைத் தொகையில் வரியைச் சேர்க்காதீர்கள், அது நம் பணமன்று.

நாட்களுக்கான அட்டவணையைத்தான் பலர் அசட்டையாக விடுகிறார்கள். வருமான வரிக்கு ஏப்ரலில் ஆண்டு பிறக்கிறது. ஏலக்காய்ப் பருவமோ ஆகஸ்டில் தொடங்கி ஜூலையில் முடிவதாகக் கணக்கிடப்படுகிறது. இரண்டையும் தனித்தனிக் கட்டங்களாக வையுங்கள். கேரளத்துக்கு வாழைக்காயும் காய்கறியும் பூவும் அனுப்புபவர்களுக்கு மூன்றாவதாக ஒரு கட்டம் வேண்டும்: திருவோணத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பது. திருவோணம் 2023இல் ஆகஸ்ட் 29 அன்று வந்தது, 2024இல் செப்டம்பர் 15 அன்று, 2025இல் செப்டம்பர் 5 அன்று. இந்நிலையில் 2024 ஆகஸ்டை 2023 ஆகஸ்டோடு ஒப்பிட்டு வியாபாரம் படுத்துவிட்டது என்று ஒருவர் முடிவு கட்டினால், அவர் பார்த்தது வியாபாரத்தையன்று, நாட்காட்டியை. ஓணத்துக்கு முந்தைய பத்து நாள்களை ஓணத்துக்கு முந்தைய பத்து நாள்களோடு ஒப்பிடும்போதுதான் ஏறியதா இறங்கியதா என்று சொல்ல முடியும்.

எந்தக் கருவி

எக்செல்லும் பவர் குவெரியும் கொண்டே ஓராண்டு ஓட்டலாம் என்பது என் கருத்து. ஒரு தாளில் 10,48,576 வரிகள் வரை கொள்ளும். மாதம் ஆயிரம் பில் போடும் கடை அந்த எல்லையைத் தொடவே நாளாகும். படங்களோடு பார்க்க வேண்டுமானால் பவர் பிஐ டெஸ்க்டாப்பை விண்டோஸ் கணினியில் இலவசமாக நிறுவலாம். அந்த அறிக்கையை இணையம் வழியே மற்றவர்களோடு பகிரத்தான் ஆளுக்கொரு கட்டணம். தரவு கூகுள் ஷீட்டில் இருந்தால், 2022 வரை டேட்டா ஸ்டூடியோ என்று அழைக்கப்பட்டுவந்த லுக்கர் ஸ்டூடியோ போதும், செலவும் இல்லை. சோஹோ அனலிட்டிக்ஸை உருவாக்கிய நிறுவனம் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் அலுவலகம் நடத்திவருகிறது. அதே நிறுவனத்தின் சோஹோ புக்ஸில் ஏற்கெனவே கணக்கு எழுதுபவர்களுக்கு அந்த அனலிட்டிக்ஸ் இயல்பான தேர்வு, ஏனெனில் கோப்புகளை எடுத்து ஏற்றும் வேலை மிச்சமாகிறது. லினக்ஸ் தெரிந்த ஒருவர் வீட்டிலோ நிறுவனத்திலோ இருந்தால், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையும் அதைப் படங்களாகக் காட்டும் மெட்டாபேஸையும் சொந்தக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம், இரண்டும் திறமூல மென்பொருள்கள். அப்படி யாரும் இல்லையென்றால் இலவசம் என்பதற்காக அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கேள்வியைப் பேச்சுமொழியில் தட்டினால் பதில் தரும் செயற்கை நுண்ணறிவு வசதிகள் இப்போது பல கருவிகளில் வந்துவிட்டன. உள், வெளி பிரிக்காத அட்டவணையின் மேல் அதை ஓட்டினால், அதுவும் 50 லட்சம் என்றே சொல்லும், தயங்காமல் சொல்லும்.

திரையில் வைக்க வேண்டியவை

விலையைக் காட்டும் இடத்தில் எப்போதும் எடைவழிச் சராசரியையே வையுங்கள். 10 கிலோ லாட் ஒன்று 3,200 ரூபாய்க்கும், 400 கிலோ லாட் ஒன்று 2,500 ரூபாய்க்கும் விற்றால், இரண்டு விலையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 2,850 என்று வரும்; மொத்தத் தொகையை மொத்தக் கிலோவால் வகுத்தாலோ கிடைப்பது சுமார் 2,517 ரூபாய்தான். கையில் வந்தது பின்னதற்கான பணம். பவர் பிஐயிலும் எக்செல் பிவட்டிலும் ‘ஆவரேஜ்’ என்று தேர்ந்தெடுத்தால் முன்னதே வரும் என்பதால், தொகையைக் கிலோவால் வகுக்கும் கணக்கை நாமே எழுதிவைக்க வேண்டும்.

உச்ச விலையைப் பெரிய எழுத்தில் காட்டும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கித் தோட்டங்கள் சேதமடைந்து வரத்துக் குறைந்ததற்குப் பிறகு, 2019 ஆகஸ்ட் 3ஆம் தேதி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்டது. செய்தியில் வந்ததும் ஊரில் பேசப்பட்டதும் அந்த எண்தான். அன்றைய சராசரி அதைவிட வெகு கீழே இருந்தது. நம் லாட் போன விலையிலிருந்து அன்றைய ஏலச் சராசரியைக் கழித்து, அந்த வித்தியாசத்தை வாரவாரியாகக் கோட்டுப் படமாக வைத்தால், சந்தை ஏறியதால் நாம் நன்றாக விற்றோமா, அல்லது நம் தரத்தால் விற்றோமா என்பது பிரிந்து தெரியும். இந்த ஒரு படம் மட்டுமே ஒரு நிறுவனத்துக்குக் கிடைத்தாலும், இவ்வளவு வேலையும் வீண் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்து, கடன் பாக்கி. 30 நாள் வரை, 31 முதல் 60 வரை, 61 முதல் 90 வரை, அதற்கு மேல் என நான்கு பிரிவாக, தரப்புவாரியாக, பெரிய தொகை மேலே வரும்படி ஒரு பட்டியல் போதும். இதற்குப் படம் வேண்டியதில்லை. இருப்பையும் அதேபோல் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்ற கணக்கில் வைக்கலாம். நிறம் மங்கினால் ஏலக்காயின் விலை விழும் என்பதால் கிடங்கில் தூங்கும் சரக்குக்கு வயது முக்கியம்.

அடுத்த மாத விலையை முன்கணிக்கும் வசதிகளைப் பல கருவிகள் ஒரு சொடுக்கில் தருகின்றன. ஐந்தாறு பருவத் தரவை வைத்துக்கொண்டு, மழையும் குவாத்தமாலாவின் விளைச்சலும் தீர்மானிக்கும் விலையை அப்படிக் கணிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாக்கி எப்போது வசூலாகும் என்பதை அதே முறையில் கணித்தால் ஓரளவு பயன் உண்டு. மனிதர்கள் பணம் தரும் பழக்கம் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

சரிபார்ப்பும் பொறுப்பும்

முதல் மூன்று மாதம், டாஷ்போர்டு காட்டும் விற்பனையை ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியாக, அந்த மாதத்துக்குத் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-3பி என்ற சுருக்க வரி அறிக்கையின் வரிக்குரிய மதிப்போடு ஒப்பிடுங்கள். இந்த ஒப்பீட்டில் மட்டும் ‘உள்’ வரிகளும் சேர வேண்டும், ஏனெனில் வரித்துறைக்கு அவையும் விற்பனையே. வரியில்லாச் சரக்கு விற்றிருந்தால் அதைத் தனியே கூட்டிப் பாருங்கள். வித்தியாசம் வந்தால் திருப்பி வந்த சரக்குக்கான கிரெடிட் நோட்டு விட்டுப்போயிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

இந்த அமைப்புக்கு ஒருவர் பொறுப்பாளராக இருக்க வேண்டும், அவர் கணக்கராக இருப்பது நல்லது. புதுப் பெயருக்கு எண் கொடுப்பதும், திங்கட்கிழமை காலையில் கோப்புகளைப் போட்டு ரிஃப்ரெஷ் செய்வதும், எண் ஒன்று விநோதமாகத் தெரிந்தால் பில் வரை போய்ப் பார்ப்பதும் அவருடைய வேலை. யார் எதைப் பார்க்கலாம் என்பதையும் தொடக்கத்திலேயே வகுத்துவிடுங்கள்: குமுளிக் கடையில் நிற்பவருக்கு அந்தக் கடையின் விற்பனையும் பாக்கியும் தெரிந்தால் போதும், கொள்முதல் விலை தெரிய வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் பகுப்பாய்வுக் கோப்புகளுக்குள் வரவே கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, அதற்கு அப்பால் அந்த எண்களால் நம் கேள்வி எதற்கும் பதில் கிடைப்பதுமில்லை. மூலக் கோப்புகளின் ஒரு நகலை வெளி வன்தட்டில் எடுத்துத் தனி இடத்தில் வையுங்கள். ஜிஎஸ்டி சட்டம் கணக்கு ஆவணங்களை ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கச் சொல்கிறது. பருவத்தோடு பருவத்தை ஒப்பிடவும் அத்தனை ஆண்டுத் தரவு தேவைப்படும் என்பதால் ஒரே சேமிப்பு இரண்டுக்கும் பயன்படும்.